கண்டல் வேரும் சொப்பிங் பையும்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் வழியில், வாகரைக்கு முன்னால் பனிச்சங்கேணிப் பாலம் வரும். அதில் நின்று களப்பைப் பார்க்காமல் போகிறவர்கள் குறைவு. சாப்பிட்ட பொதியை அங்கேயே வீசிவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

வீசியது எங்கே போகிறது? வற்றுப்பெருக்கோடு கண்டல் காட்டுக்குள்.

சேற்றுக்குள் காற்று கிடையாது. அதனால் சிலவகைக் கண்டல் மரங்கள் பென்சில் நட்டதுபோல வேர்களை மேலே நீட்டி, அவற்றிலுள்ள நுண்துளைகளால் மூச்செடுக்கின்றன. அந்த வேர்கள்மேல் பொலித்தீன் படிந்து மூடினால் மரம் மெல்ல மெல்லப் பட்டுப்போகும். இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஒதுங்கி வளர்வது அந்த வேர்களுக்கிடையில்தான்; மரம் போனால் மீனவரின் உலையும் கொதிக்காது.

அறுந்த தங்கூசி (ஒற்றை நைலோன் இழை) வலை இன்னும் மோசம். இழுக்க ஆளில்லாமலே நண்டையும் மீனையும் பிடித்துக்கொண்டே கிடக்கும். அது இங்கே தடைசெய்யப்பட்ட வலை என்பது வேறு விசயம். சோற்றுப் பொதி கட்டும் பொலித்தீன் லஞ்ச் சீற்றுக்கும் 2017 செப்டெம்பர் 1 முதல் தடைதான்.

பாலத்தில் இறங்குகிறவர்கள், குப்பையைப் போட ஒரு பையை வாகனத்திலேயே வைத்திருங்கள். வாழையிலையில் கட்டிய சோறென்றால் இன்னும் நல்லது, ருசியும் கூட.