கல் சொன்னதும் நாம் சேர்த்ததும்

கண்டாவளைப் பிள்ளை ஒருவர் இறுதியாண்டு ஆய்வுக்கு வன்னி வரலாற்றை எடுத்தால், ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைநூலைத் தாண்டிப் போக முடியாது. வெள்ளைக்கார அதிகாரி எழுதியது, பழையது. உடனே அதை முதல்நிலை மூலாதாரம் என்று பட்டியலில் ஏற்றிவிடுவார்கள். பழமை மட்டும் அதற்குப் போதாது. தம் காலத்து வன்னியைப் பற்றி எழுதும் லூயிஸ் நேர்ச்சாட்சி. வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியனோடு ஆங்கிலேயர் போரிட்ட 1803ஆம் ஆண்டுச் சண்டையைப் பற்றி எழுதும் லூயிஸோ, தொண்ணூறு வருடம் கழித்து வந்தவர். கேள்வி மாறினால் அதே நூலின் தரமும் மாறிவிடும்.

ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் கற்சிலைமடுவில் நாட்டப்பட்ட ஆங்கிலக் கல்லைப் பாருங்கள். 1803 ஒக்டோபர் 31 அன்று கப்டன் வொன் ட்றிபேர்க் பண்டாரவன்னியனை இவ்விடத்தருகே தோற்கடித்தான் என்பதே அதன் சேதி. கொன்றான் என்று அதில் இல்லை. ஆனால் அந்தத் திகதியே வன்னியன் மாண்ட நாளாக மேடைகளில் ஒலித்தது. தோல்வியை மரணமாக்கியவர்கள் நாம்தான். கல்லையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். பொறித்திருப்பது சண்டையின் திகதி. கல்லை யார், எப்போது நாட்டினார்கள் என்பது வேறு விசாரணை. அதன் வாசகமும் வென்றவர் பக்கத்துப் பேச்சு.

சரி, ஊருக்கு வருவோம். தருமபுரத்திலோ முரசுமோட்டையிலோ ஒரு வீட்டில், பொலித்தீன் பையில் மடித்து வைத்த காணி பேர்மிட் இருக்கும். மடிப்பில் கிழிந்து, முத்திரை மை ஊறியிருக்கும். காணி யாருக்கு, எவ்வளவு, எந்த எல்லைக்குள் என்பதற்கு அது நல்ல சான்று. குடும்பம் எப்போது வந்தது என்பதற்கு அல்ல. பேர்மிட் கிடைக்கும் முன்னரே காடு வெட்டி விதைத்தவர்கள் உண்டு. 2009 போர் இடப்பெயர்வில் தொலைத்து, பிறகு எடுத்த பிரதியானால் அதன் திகதி இன்னும் பிந்தியது.

காடு வெட்டிய கதையை அந்த வீட்டு அம்மம்மா சொன்னால் அது முதல்நிலை, அவர் கண்டது. பண்டாரவன்னியன் கதையையும் அவரே சொல்வார், அதே உறுதியோடு. அது அவர் கேட்டது. வன்னியன் எப்படி நினைவுகூரப்படுகிறான் என்று ஆராய்பவருக்கு மட்டும் அதுவும் முதல்நிலைதான்.

அவர் பேச்சைப் பதிவு செய்யும்போது, ‘நீங்கள் கண்டதா அம்மம்மா, ஆரும் சொன்னதா?’ என்று இடையிடையே கேளுங்கள். பதிலை அவர் வயதோடும் பதிவுத் திகதியோடும் எழுதி வையுங்கள்.