வயது போகக் குருதியில் சீனி ஏன் ஏறுகிறது?

"வயது போனால் சலரோகம் வரத்தானே செய்யும்" என்று எம்மவரிடையே ஒரு பேச்சு உண்டு. அதில் பாதிதான் உண்மை. காரணத்தை விளங்கிக்கொண்டால் நோயைத் தள்ளிப்போடவும், வந்தால் கட்டுப்படுத்தவும் எம்மால் முடியும்.

நாம் உண்ணும் சோறும் பிட்டும் சமிபாடடைந்து குளுக்கோசு என்னும் சீனியாகக் குருதியிற் சேர்கின்றன. சதையி சுரக்கும் இன்சுலின், தசைக் கலங்களின் கதவைத் திறந்து சீனியை உள்ளே விடுகிறது. அங்கே இழைமணி என்னும் நுண்ணிய அடுப்புகள் அதை எரித்துச் சக்தியாக்குகின்றன. வயது ஏறத் தசை வற்றுகிறது. அடுப்பின் வேகமும் சதையியின் சுரப்பும் தளர்கின்றன. எரியாத சீனி குருதியில் தேங்குகிறது.

வேலை செய்யும் தசையே இந்த அடுப்பை அணையாமற் காக்கிறது. 1995 இல் யாழ்ப்பாணத்திலிருந்தும் 2008–2009 இல் வன்னியிலும் இடம்பெயர்ந்தோரை எண்ணிப் பாருங்கள். மண்வெட்டி பிடித்த கைகள் முகாம்களில் சும்மா இருந்தன. நிவாரணமாகக் கிடைத்தவையோ பெரும்பாலும் அரிசியும் கோதுமை மாவும். உழைப்புக் குறைந்து மாப்பொருள் மிஞ்சினால் சீனி ஏறும்.

செங்குழியத்தின் கதை வேறு. அதில் இழைமணி கிடையாது. ஒட்சிசனைச் சுமந்தாலும், அதைப் பாவிக்காமலே சீனியை உடைத்து உயிர்வாழ்கிறது. சீனி அதனுள்ளே போக இன்சுலினும் வேண்டியதில்லை. ஆகவே குருதியில் சீனி கூடினால் செங்குழியத்துள்ளும் கூடி, ஈமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். செங்குழியம் ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால், எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை கடந்த இரண்டு, மூன்று மாதக் கணக்கைச் சொல்லிவிடும். அது 6.5 சதவீதமோ, வெறுவயிற்றுச் சீனி 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் சலரோகம் என்று கொள்வர். பொதுவாக மறுமுறையும் பார்த்தே உறுதி செய்வர். இரும்புச்சத்துக் குறைவு இந்த எச்.பி.ஏ.1.சி. கணக்கைக் கூட்டிக் காட்டலாம். அண்மையில் ஏற்பட்ட குருதி இழப்புக் குறைத்துக் காட்டலாம். இவை இருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

வெண்குழியத்தில் இழைமணி உண்டு. ஆதலால் முதியோரின் தசையை வெட்டாமலே, சிறிது குருதியை எடுத்து அடுப்பின் வலுவை ஆய்வாளர் அளந்து பார்க்கின்றனர்.

நாம் செய்யக்கூடியவை:

• சாப்பிட்டபின் சற்று நடப்போம். காணி இல்லாவிடினும் குடிசையோரம் நாலு பாத்தி கொத்துவோம்.

• சோற்றைக் குறைத்து, கீரையும் பயறும் கூட்டுவோம். குரக்கனும் மாப்பொருளே, அதற்கும் அளவு வேண்டும்.

• தேநீரில் சீனியைக் குறைப்போம்.

• செருப்பின்றி நடவோம். காலில் சிறு காயமும் புண்ணாகலாம்.

• 35 வயது கடந்தவர்கள் அரச வைத்தியசாலையில் இலவசமாகச் சீனி பார்த்துக்கொள்வோம்.

• குளிசையை நாமாக நிறுத்தக்கூடாது. எங்கே இடம்பெயர்ந்தாலும் அடையாள அட்டையுடன் கிளினிக் கொப்பியையும் கையோடு கொண்டுபோவோம். அதைப் பார்த்தே புதிய இடத்து வைத்தியர் மருந்தைத் தொடர முடியும்.