பச்சை வண்ணம் பாதையாகாது

நான் நாள்தோறும் மிதிவண்டியில் செல்லும் சாலையின் இடது ஓரத்தில், சில ஆண்டுகளுக்கு முன்பு பச்சை வண்ணம் பூசி மிதிவண்டியின் உருவத்தையும் வரைந்தார்கள். அப்போது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஒரு வாரம் அதில் சென்ற பிறகுதான் அந்தப் பாதையின் இயல்பு புரிந்தது. தொடக்கத்தில் வரிசையாக நிறுத்தப்பட்ட கார்கள். அவற்றைக் கடந்தால் மின்மாற்றி. அதற்கும் அப்பால் பேருந்து நிறுத்தம். நாற்சந்திக்குச் சற்று முன்னதாகவே பச்சை வண்ணம் முடிந்துவிடுகிறது. எந்த இடத்தில் பாதுகாப்பு மிகுதியும் தேவையோ, அந்த இடத்தில் பாதையே இல்லை.

மிதிவண்டி ஏதோ காலாவதியான வாகனம் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, விவசாயம், குடிசைத் தொழில் சாராத பணியாளர்களில் 13 சதவீதத்தினர் மிதிவண்டியில்தான் வேலைக்குச் சென்றார்கள். எண்ணிக்கையில் ஏறத்தாழ 2.6 கோடி பேர். காவலாளிகள், கட்டுமானத் தொழிலாளர்கள், வீடுவீடாகப் பால், செய்தித்தாள் போடுவோர் எனப் பலரும் பேருந்து புறப்படாத நேரத்தில் மிதிவண்டியை நம்பிப் புறப்படுபவர்கள். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் 11-ஆம் வகுப்பு பயிலும் மாணவ, மாணவியருக்கு ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் விலையில்லா மிதிவண்டிகள் வழங்கப்படுகின்றன. போற்றத்தக்க திட்டம் அது. ஆனால், வண்டியைக் கொடுத்த நாம் அது பாதுகாப்பாகச் செல்வதற்கான சாலையைக் கொடுத்தோமா என்பதே என் கேள்வி. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-இல் மட்டும் நாட்டில் 4,500-க்கும் மேற்பட்ட மிதிவண்டி ஓட்டிகள் சாலை விபத்துகளில் உயிரிழந்துள்ளனர்.

அரைகுறைப் பாதையாவது இருக்கட்டுமே என்று கூறுவோர் உண்டு. அதை ஏற்க இயலாது. மோசமாக அமைக்கப்பட்ட பாதை, பாதையே இல்லாத நிலையைவிடச் சில வேளைகளில் ஆபத்தானது. பச்சை வண்ணத்தை நம்பிச் செல்பவர், எதிரே கார் நிற்பதைக் கண்டு வலதுபுறம் ஒதுங்க நேர்கிறது. பின்னால் வரும் பேருந்தின் ஓட்டுநரோ, மிதிவண்டிக்கெனத் தனிப் பாதை இருப்பதால் அவர் அதிலேயே செல்வார் என்று எண்ணிக்கொண்டு வருகிறார். நிற்கும் காரின் கதவு திடீரெனத் திறக்கப்பட்டாலும் இதே நிலைதான். மழைநீர் வடிகால் மூடியின் இடைவெளிகள் சக்கரம் செல்லும் திசையிலேயே இருந்தால், மெல்லிய சக்கரம் அதில் சிக்கி ஓட்டுபவரைக் கீழே தள்ளும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து சந்திப்புகளில்தான் காத்திருக்கிறது. மிதிவண்டி சாலையின் இடது ஓரத்தில் நேராகச் செல்கிறது. அதன் வலப்பக்கமாக வரும் வாகனமோ இடதுபுறம் திரும்புகிறது. இரண்டின் தடங்களும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. திரும்புவது லாரியாகவோ பேருந்தாகவோ இருந்தால், அருகில் செல்லும் மிதிவண்டி ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாமலே போகக்கூடும். இடதுபுறம் நிற்காமல் திரும்பலாம் என்ற அனுமதியும், வேகம் குறையாமல் திரும்ப வசதியாக அகல வளைக்கப்பட்ட சாலை முனைகளும் இந்த ஆபத்தைப் பெருக்குகின்றன.

இதற்கான தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியதில்லை. மிதிவண்டித் தடங்களுக்கான பரிந்துரைகளை இந்திய சாலைகள் காங்கிரஸ் 1962-இலேயே வெளியிட்டது. 2015-இல் அவற்றைத் திருத்தியும் அமைத்தது. நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் முன்னுரிமை அளிக்கும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014-இல் ஏற்றுக்கொண்டது. ஏட்டில் குறையில்லை, குறை தரையில்தான்.

தில்லியின் அனுபவம் இங்கே எண்ணத்தக்கது. அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை, 5.8 கி.மீ. தொலைவுக்கு 2008-இல் பேருந்துகளுக்கெனத் தனித்தடம் அமைக்கப்பட்டபோது, மிதிவண்டிகளுக்கும் தனித்தடம் கிடைத்தது. நல்ல முயற்சிதான். ஆனால், நெரிசலில் சிக்கிய இருசக்கர மோட்டார் வாகனங்கள் அதில் புகுந்தன. கார் ஓட்டுவோரின் எதிர்ப்பும் வலுத்தது. இறுதியில் அந்தத் திட்டமே கைவிடப்பட்டுத் தடங்கள் அகற்றப்பட்டன. அமைப்பதோடு பணி முடிந்துவிடுவதில்லை. கண்காணிப்பும் பராமரிப்பும் இல்லாத தடம் நிலைக்காது என்பதே அதில் நாம் பெறும் பாடம்.

மிதிவண்டிக்குப் பெயர்பெற்ற நெதர்லாந்தும் ஒரு காலத்தில் கார்களுக்கே சாலையைக் கொடுத்த நாடுதான். 1971-இல் மட்டும் அங்கே 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சாலை விபத்துகளில் மடிந்தனர். மகளை விபத்தில் பறிகொடுத்த செய்தியாளர் ஒருவர், 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்ற தலைப்பில் நாளிதழில் கட்டுரை எழுதினார். அத்தலைப்பே மக்கள் இயக்கத்தின் பெயராயிற்று. அந்த இயக்கமும் தொடர்ந்து வந்த எரிபொருள் நெருக்கடியும் அரசின் போக்கை மாற்றின. இன்று அங்குள்ள சந்திப்புகளில் வாகனங்கள் வேகத்தைக் குறைத்தே திரும்ப வேண்டியிருக்கிறது. பல கிளைச் சாலைகளின் முகப்பில் மிதிவண்டித் தடம் சற்று உயர்ந்து, அறுபடாமல் தொடர்கிறது. அதன் மீது ஏறி இறங்கும் வாகனம்தான் தயங்கிச் செல்ல வேண்டும்.

'நம் சாலைகளில் இடம் ஏது, மிதிவண்டித் தடங்கள் காலியாகத்தானே கிடக்கின்றன' என்று கேட்பவர்கள் உண்டு. நடுவில் இடிந்த பாலத்தில் நடமாட்டம் இல்லை என்பதால், அக்கரைக்குச் செல்ல வேண்டியவர்களே இல்லை என்று முடிவு கட்டலாமா? குறுகலான தெருக்களுக்குத் தனித்தடம் தேவையும் இல்லை. அங்கே வாகன வேகத்தை 30 கி.மீ.க்குள் கட்டுப்படுத்தினாலே போதும். வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பள்ளிப் பாடம். வேகமும் நெரிசலும் மிகுந்த அகலமான சாலைகளில்தான் தடுப்புடன் கூடிய தனித்தடம் இன்றியமையாதது.

பொறுப்பேற்பும் வேண்டும். சாலை வடிவமைப்புத் தரத்தைப் பின்பற்றத் தவறியதால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ரூ.1 லட்சம் வரை அபராதம் விதிக்க, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு வழிசெய்கிறது. மிதிவண்டி ஓட்டி விழுந்தால் அவருடைய கவனக்குறைவு என்று எழுதி முடிக்காமல், தடம் எங்கே அறுபட்டது என்பதையும் விசாரணை பதிவு செய்ய வேண்டும்.

விலையில்லா மிதிவண்டி பெறும் மாணவியர் பயிலும் பள்ளிகளைச் சுற்றி, 3 கி.மீ. தொலைவிலிருந்தாவது இப்பணியைத் தொடங்கலாம். பணி முடிந்ததும் அதற்கு ஒப்புதல் அளிக்கும் பொறியாளர், தம் மகளையோ மகனையோ மிதிவண்டியில் ஏற்றி, காலை 8.30 மணிக்கு அந்தச் சந்திப்பைத் தனியே கடக்க அனுப்ப மனம் துணிவாரா? துணிவார் என்றால் அது பாதை. இல்லையென்றால், அடுத்த மழையில் கரையவிருக்கும் வெறும் வண்ணம்.