இருவர் கேட்ட ஓர் இடம்



சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலைமேல், ஏற்காடு வட்டத்தில், வாழவந்தி என்றோர் ஊர் உண்டு. காப்பித் தோட்டங்களும் மிளகுக் கொடிகளும் செழித்த மலைப்பகுதி அது. மலைமேல் இருப்புப் பாதை இல்லை. ஆயினும் அம்மலையின் பெயரைத் தாங்கிய ஏற்காடு விரைவு வண்டி, ஈரோட்டிலிருந்து புறப்பட்டுச் சேலம் வழியாக இரவோடிரவாகச் சென்னை சென்று சேர்கிறது.

வாழவந்தி மாணவன் ஒருவன், நேர்முகத் தேர்வு ஒன்றுக்காக அவ்வண்டியில் இடம் வேண்டுகிறான் என்று கொள்வோம். எஞ்சியிருப்பதோ ஒரே படுக்கை. அவன் கைப்பேசி வழியே கேட்கும் அதே நொடியில், சேலம் நிலையத்து முன்பதிவுச் சாளரத்திலும் ஒருவர் அதனையே கேட்கிறார். இருவருக்கும் 'உண்டு' என்று விடை போய்விட்டால், நள்ளிரவில் ஒரு படுக்கைக்கு இருவர் வழக்காட நேரும். அவ்வாறு நேராமல் காப்பது எது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

ஏட்டில் கையால் எழுதிய காலத்தில் இச்சிக்கல் எளிதாயிருந்தது. ஏடு ஒன்று, அதில் எழுதுபவர் ஒருவர். ஆனால் அந்த ஏடு இருந்த இடத்தை நாடியே மக்கள் செல்ல வேண்டியிருந்தது. 1985-ஆம் ஆண்டில் டில்லியில் முன்பதிவு கணிப்பொறிக்கு மாறியது. பின்னர் டில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்தராபாத் ஆகிய ஐந்து மையங்களும் 1999-இல் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. 2002-இல் இணையத்தின் வழியாகவும் பயணச்சீட்டு வாங்கும் வசதி வந்தது. ஏடு இப்பொழுதும் உண்டு. அதற்குத் தரவுத்தளம் என்று பெயர். அதனைக் காத்து, கேட்போருக்கு விடை தரும் நிரலைத் தரவுத்தள வழங்கி என்கிறோம்.

இத்தகைய வழங்கிகள் பல. பலரும் இலவசமாகப் பயன்படுத்தும் போஸ்ட்கிரெஸ் என்னும் வழங்கியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, வேலை நடக்கும் முறையைக் காண்போம். மாணவனுடைய கைப்பேசி நேரே வழங்கியோடு பேசுவதில்லை. இடையே ஒரு நிரல் நின்று, அவன் வேண்டுகோளை ஏற்று, வழங்கியின் வாயிலைத் தட்டுகிறது. போஸ்ட்கிரெஸின் வாயில் எண் வழக்கமாக 5432. அங்கே தலைமை நிரல் ஒன்று எப்பொழுதும் செவிசாய்த்து நிற்கிறது. வந்தவர் யார், கடவுச்சொல் சரிதானா என்று ஆராய்ந்த பிறகே உள்ளே அனுமதி. அந்த ஒரு தொடர்புக்கென்றே தனிப் பணியாள் நிரல் ஒன்று நியமிக்கப்படுகிறது. தொடர்பு முடியும்வரை அது வேறொருவருக்கு ஊழியம் செய்யாது.

பணியாளுக்கு நினைவகம் வேண்டும். ஆதலின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பும் வேண்டும். மாற்றாதவரை அவ்வரம்பு 100. அதனை மீறி வருவோருக்கு வாயில் அடைக்கப்படும். பின் ஆயிரக்கணக்கானோர் ஒருசேரக் கேட்டால் என்ன செய்வது? இடைநிரல் சில தொடர்புகளைத் திறந்தே வைத்திருந்து, ஒருவர் வேலை முடிந்ததும் அதே தொடர்பை அடுத்தவருக்குத் தருகிறது. சத்திரத்துப் பந்தியில் ஒருவர் எழுந்ததும் அதே இலையிடத்தில் அடுத்தவர் அமர்வதை ஒக்கும் இது.

இனி, கேள்வி. அது எஸ்.க்யூ.எல். என்னும் மொழியில் வருகிறது. ஐ.பி.எம். நிறுவனத்து அறிஞர் காட் 1970-இல் வெளியிட்ட கருத்தை அடியொற்றி, அந்நிறுவனத்திலேயே பிறந்த மொழி அது. இன்னது வேண்டும் என்று மட்டும் அம்மொழியில் சொன்னால் போதும். எவ்வாறு தேடுவது என்பது வழங்கியின் பொறுப்பு. பணியாள் முதலில் இலக்கணப் பிழை பார்க்கிறது. அடுத்து, ஏட்டை முதலிலிருந்து கடைசிவரை புரட்டுவதா, புத்தகத்தின் பின்னே உள்ள பொருளகராதி போன்ற அடைவைப் பார்த்து உரிய பக்கத்துக்கே செல்வதா என்று செலவைக் கணக்கிட்டுத் திட்டமிடுகிறது. அதன் பின்னரே தேடுகிறது.

நம் இருவரின் பணியாட்களும் அந்த ஒரே படுக்கையின் வரிக்கு வந்து சேர்கின்றன. ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கேனும் முந்திய பணியாள் அவ்வரியைப் பூட்டிவிடுகிறது. மற்றது காத்திருக்கிறது. முந்தியது 'விற்கப்பட்டது' என எழுதிப் பூட்டைத் திறந்ததும், பிந்தியது அவ்வரியை மீண்டும் படிக்கிறது. 'காலியாயிருந்தால் கொடு' என்ற நிபந்தனை இப்பொழுது பொருந்தாமையால், 'இடமில்லை' என்றே விடை செல்கிறது. எத்தனை பணியாட்கள் இருப்பினும், அந்த ஒரு வரியில் ஒரு சமயத்தில் எழுதுபவர் ஒருவரே.

எழுதியது நிலைக்க வேண்டுமே! மின்சாரம் நின்றால் என் செய்வது? 'முடிந்தது' என்று சொல்வதற்கு முன்பே, செய்த மாற்றம் வட்டிலுள்ள நாட்குறிப்பில் பதிந்துவிடுகிறது. வழங்கி மீண்டும் எழும்போது அக்குறிப்பைப் படித்து ஏட்டைச் சரிசெய்துகொள்ளும். பாதியில் அறுந்த வேலையோ, தொடங்கப்படாததாகவே கருதப்படும்.

இங்கே நீங்கள் நினைவில் வைக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. மலையில் இடிமழையால் தொடர்பு அறுந்தது என்று கொள்வோம். வேலை முடிவதற்கு முன் அறுந்ததா, முடிந்து விடை வரும் வழியில் அறுந்ததா என்பதை மாணவன் தன் கைப்பேசித் திரையைக் கொண்டு அறிய இயலாது. பின்னதாயின், படுக்கை அவன் பெயரில் பதிவாகியே இருக்கும். பதறி மறுபடியும் பணம் செலுத்தினால் இரட்டைச் செலவு. எனவே முதலில் தன் முன்பதிவுப் பட்டியலைப் பார்க்க வேண்டும். விடை வராமை வேறு. வேலை நடவாமை வேறு. இதனை அறிந்தவனுக்குப் பணமும் மிஞ்சும், பயணமும் தவறாது.