நின்றுபோன லாரிக்கு இரும்புக் கை

ஓடுகிற லாரியைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. நின்றுபோன லாரிதான் சாலையையே கலக்கிவிடும். அதுவும் கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவே நின்றுவிட்டால் கேட்கவே வேண்டாம்!

சென்னை, சேலம், திருவண்ணாமலை, பெங்களூர் ஆகிய நான்கு திசைச் சாலைகளும் கிருஷ்ணகிரியில் கூடுகின்றன. அங்கிருந்து சூளகிரி வழியாக ஓசூர் சுமார் 50 கிலோ மீட்டர். கிருஷ்ணகிரியைவிட ஓசூர் ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே போகும்போது ஏற்றம், வரும்போது இறக்கம். 1980-ல் அசோக் லேலண்டு தொழிற்சாலை ஓசூரில் வேலையைத் தொடங்கியது. அதுபோன்ற பல ஆலைகளுக்கு இரவும் பகலும் சரக்கு போய் வந்துகொண்டிருக்கிறது. பாரத்தோடு ஒரு வண்டி படுத்துவிட்டால், அதை அப்புறப்படுத்தியே ஆகவேண்டும்.

கயிறா, தண்டா?

கயிறும் சங்கிலியும் இழுக்கும்; ஆனால் தடுத்து நிறுத்தா. முன் வண்டி வேகத்தைக் குறைத்தால் கயிறு தொய்யும். பின் வண்டி வந்து முட்டும். மறுபடி வேகம் எடுத்தால் வெடுக்கென்று இழுபடும். அந்த வெட்டில் சங்கிலி அறுந்து வீசினால், அருகில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து.

'டோ பார்' என்னும் இரும்புத் தண்டு அப்படிப்பட்டதல்ல. ஒரு முனை முன் வண்டியின் பின்புறக் கொக்கியில் மாட்டும். மறு முனை பழுதான வண்டியின் முன்புறத்தில் 'பின்' போட்டுப் பூட்டப்படும். அது இழுக்கவும் செய்யும். இறக்கத்தில் முட்டாமல் தாங்கவும் செய்யும்.

பிரேக்கில் இருக்கிறது சூட்சுமம்

தண்டு மாட்டினால் மட்டும் போதுமா? போதாது. பெரிய லாரிகளில் காற்றுதான் பிரேக்கை இயக்குகிறது. எஞ்சின் நின்றால் காற்று ஊறாது. இருந்த காற்றும் இறங்கிவிட்டால், உள்ளே உள்ள வலுவான ஸ்பிரிங் பின் சக்கரங்களைக் கவ்விக்கொள்ளும். அதை விடுவிக்க ஒரு போல்ட்டைத் திருப்ப வேண்டும். திருப்பிவிட்டாலோ, வண்டியைப் பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை! ஆகையால் முதலில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, தண்டையும் பூட்டிய பிறகே போல்ட்டைத் தொடவேண்டும். முன் வண்டியிலிருந்து குழாய் வழியே காற்றுக் கொடுத்தால் இன்னும் நல்லது; பின் வண்டியின் பிரேக்கும் வேலை செய்யும்.

இன்னொன்று: புரொபெல்லர் ஷாப்டைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் உருள உருள, கியர் பாக்ஸுக்குள் எண்ணெய் சரிவரப் பரவாமலே பாகங்கள் சுழலும், வெந்து கெட்டுவிடும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், பெரும் செலவை வரவழைத்துக்கொண்ட கதையாகும்.

சட்டம் சொல்வது

1989-ல் வகுத்த சாலை விதிகள் இதைத் தெளிவாகவே கூறின. இரு வண்டிகளுக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. வேகம் மணிக்கு 24 கிலோ மீட்டரைத் தாண்டக் கூடாது. முன் சக்கரங்களைக் கிரேன் தூக்கிப் பிடித்திருந்தால் தவிர, பின் வண்டியின் ஸ்டியரிங்கில் லைசென்ஸ் உள்ளவர் அமர வேண்டும். 2017-ல் புதிய ஒழுங்கு விதிகள் வந்தன. ஆனால் விதி எப்படி மாறினாலும் ஆபத்து மாறிவிடுமா? விளையாட்டுப் போல் கிளீனர் பையனை ஸ்டியரிங்கில் உட்கார வைப்பது, அவன் உயிரைப் பணயம் வைப்பதேயாகும்.

ஓடையில் பிறந்த யோசனை

அமெரிக்காவில் சட்டனூகா நகரில் எர்னஸ்ட் ஹோம்ஸ் என்ற மெக்கானிக் இருந்தார். ஓடையில் கவிழ்ந்த ஒரு காரைக் கயிறும் கட்டையும் கொண்டு ஆட்கள் பலர் பாடுபட்டுத்தான் அவரால் மேலேற்ற முடிந்தது. அந்த அலுப்பில் பிறந்ததுதான், 1916-ல் அவர் உருவாக்கிய மீட்பு வண்டி. நமது நெடுஞ்சாலையில் இன்று ஓடும் ரெக்கவரி வண்டிகளுக்கு அதுவே பாட்டன்.

தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 1033 என்ற எண்ணுக்குத் தகவல் கொடுக்கலாம். உதவி வரும்வரை விளக்கை மினுக்கவிட்டு, எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் தள்ளி வைத்து, ஆட்கள் சாலையைவிட்டு ஒதுங்கி நிற்பதே புத்திசாலித்தனம். சரக்கு ஒரு நாள் தாமதமானால் நஷ்டம் பணத்தோடு போகும். வண்டியோடு போன மனிதன் வீடு திரும்புவதல்லவா முக்கியம்?