சட்டம் முன்னே, மனம் பின்னே: செனட்டர் ராபர்ட் பேர்டின் வாக்குகளைப் படித்தல்

‘சட்டத்தால் சாதியை ஒழித்துவிட முடியாது, முதலில் மக்களின் மனம் மாற வேண்டும்’ என்ற அறிவுரையைக் கேட்காமல் நம்மில் எவரும் பொதுவாழ்வில் ஓராண்டைக்கூடக் கடந்திருக்க மாட்டோம். தேநீர்க் கடையின் இரட்டைக் குவளையைப் பற்றிப் பேசினாலும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் முதல் தகவல் அறிக்கை பதியுமாறு காவல் நிலையத்தில் கோரினாலும், இறுதியில் இந்த அறிவுரையே நமக்கு வழங்கப்படுகிறது. இது உண்மைதானா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. சமத்துவச் சட்டத்தை முழு மூச்சுடன் எதிர்த்து, பின்னாளில் அதே சட்டத்தை ஏற்றுக்கொண்ட ஓர் அரசியல்வாதியின் பொதுவாழ்வை எடுத்துக்கொண்டு, எது முன்னே வந்தது, எது பின்னே வந்தது என்று தேதிவாரியாகப் பார்ப்பதே அவ்வழி.

அமெரிக்க செனட்டர் ராபர்ட் பேர்டின் வாழ்வு அதற்குப் பொருத்தமானது. ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த அவர், மேற்கு வெர்ஜினியா மாநிலத்தின் சார்பில் 1959 முதல் 2010இல் இறக்கும்வரை 51 ஆண்டுகள் செனட்டில் இருந்தார். அந்த அவையின் வரலாற்றில் அவ்வளவு நீண்ட காலம் பணியாற்றியவர் வேறு எவரும் இல்லை. பெயர்வாரி வாக்கெடுப்புகளில் அவர் அளித்த வாக்குகள் 18,000க்கும் மேல். அவையில் இருப்போரில் ஐந்தில் ஒரு பங்கினர் கோரினால், ஒவ்வோர் உறுப்பினரும் எவ்வாறு வாக்களித்தார் என்பதைப் பெயருடன் பதிவு செய்தாக வேண்டும் என்று அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் முதல் உறுப்பு கூறுகிறது. எனவே பேர்ட் பின்னாளில் தம்மைப் பற்றி என்ன சொல்லிக்கொண்டார் என்பதை மட்டும் நாம் நம்பியிருக்க வேண்டியதில்லை. பதிவேடு இருக்கிறது.

கிளானிலிருந்து செனட்டுக்கு

1917இல் பிறந்த பேர்ட், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளின் வறுமையில் வளர்ந்தவர். 1940களின் தொடக்கத்தில், கு கிளக்ஸ் கிளான் என்னும் வெள்ளை நிறவெறி அமைப்புக்குத் தம் ஊரில் கிளை தொடங்க ஏறத்தாழ 150 பேரைத் திரட்டினார். அக்கிளையின் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். கறுப்பின வீரர்களுடன் தோளோடு தோள் நின்று ஒருபோதும் போரிடமாட்டேன் என்று இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒரு செனட்டருக்குக் கடிதம் எழுதினார். போர் முடிந்தபின், கிளான் தம் மாநிலத்தில் மீண்டும் எழ வேண்டும் என்று அதன் தலைமைக்கு எழுதினார்.

அதே காலத்தில், 1946இல், அண்ணல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டூ பாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவையிடம் அளிக்கவிருந்த கோரிக்கை மனுவின் படிகளைக் கேட்டுப் பெறுவதற்காக எழுதப்பட்ட கடிதம் அது. ஒடுக்கப்பட்டோர் கடல் கடந்து ஒருவரையொருவர் தேடிக்கொண்டிருந்த காலத்தில்தான், பேர்ட் தம் முதல் தேர்தலில் வென்று மாநிலச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். 1952இல் நாடாளுமன்றத்தின் கீழவைக்கும், 1958இல் செனட்டுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பதினான்கு மணி நேரம்

1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்ட மசோதா, உணவகம், தங்கும் விடுதி, திரையரங்கு போன்ற பொது இடங்களிலும் வேலைவாய்ப்பிலும் இனப் பாகுபாட்டைத் தடை செய்தது. நம் அரசமைப்புச் சட்டத்தின் 15(2), 17 ஆகிய பிரிவுகள் எதைத் தொட்டனவோ, அதையே அம்மசோதாவும் தொட்டது. அதனைத் தோற்கடிக்க எதிர்ப்பாளர்கள் கையாண்ட கருவி ‘ஃபிலிபஸ்டர்’. செனட்டில் ஓர் உறுப்பினர் பேசத் தொடங்கினால் அவரை எளிதில் நிறுத்த முடியாது. பேசிக்கொண்டே இருந்தால் வாக்கெடுப்பு நடக்காது. வாக்கெடுப்பு நடக்காவிட்டால் மசோதா செத்துப்போகும். விவாதத்தை முடிக்க வேண்டுமெனில், அன்றைய விதிப்படி மூன்றில் இரண்டு பங்கினரின் ஆதரவு தேவை.

1964 ஜூன் 9 மாலை எழுந்த பேர்ட், மறுநாள் காலைவரை 14 மணி நேரத்துக்கும் மேலாகப் பேசினார். அவர் அமர்ந்த பின்னர் விவாதத்தை முடிக்கும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. மூளைக் கட்டியால் பேச்சிழந்திருந்த கலிஃபோர்னிய செனட்டர் கிளேர் எங்கில், சக்கர நாற்காலியில் அவைக்குக் கொண்டுவரப்பட்டார். தம் பெயர் அழைக்கப்பட்டபோது அவர் தம் கண்ணைச் சுட்டிக் காட்டினார். ஆங்கிலத்தில் ‘ஆம்’ என்பதற்குரிய அவைச்சொல்லும் ‘கண்’ என்ற சொல்லும் ஒரே ஒலி உடையவை. தீர்மானம் 71க்கு 29 என்ற கணக்கில் வென்றது. ஒரு குடிமை உரிமை மசோதாவின் மீதான ஃபிலிபஸ்டர் முறியடிக்கப்பட்டது அதுவே முதன்முறை. ஜூன் 19 அன்று மசோதா 73க்கு 27 என நிறைவேறியது. எதிர்த்த 27 பேரில் 21 பேர் ஜனநாயகக் கட்சியினர். பேர்டும் அவர்களுள் ஒருவர். மசோதாவை ஆட்சியிலிருந்து முன்னெடுத்த ஜான்சனும் அதே கட்சியினர்தாம். கட்சியின் பெயரை மட்டும் பார்த்து ஓர் உறுப்பினரை எடைபோட முடியாது என்பதற்கு இந்த ஒரு வாக்கெடுப்பே சான்று.

1965 மே மாதத்தில் வாக்குரிமைச் சட்டம் செனட்டில் 77க்கு 19 என நிறைவேறியபோதும் பேர்டின் வாக்கு எதிராகவே விழுந்தது. 1967 ஆகஸ்டில், பள்ளிகளில் இனப் பிரிவினையை வழக்காடி வீழ்த்திய வழக்கறிஞர் தர்குட் மார்ஷல், உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியாக 69க்கு 11 என்ற கணக்கில் ஒப்புதல் பெற்றார். அந்த 11 பேரிலும் பேர்ட் இருந்தார். 1968 மார்ச்சில், வீட்டு வசதியில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்துக்கு ஆதரவாக அவர் வாக்களித்தது உண்மை. ஆனால் அதே மாத இறுதியில், மெம்ஃபிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்ற மார்ட்டின் லூதர் கிங்கை, கலகம் மூட்டுபவர் என்று செனட்டில் கடுமையாகத் தாக்கிப் பேசினார். ஆறு நாள்களில் அதே நகரில் கிங் சுட்டுக்கொல்லப்பட்டார்.

வாக்குப் பட்டியலில் தெரியாதது

இறுதி வாக்கெடுப்பு ஒரு சட்டமன்ற உறுப்பினரின் செயல்பாட்டில் ஒரு பகுதி மட்டுமே. 1960களில் பேர்ட், தலைநகர் வாஷிங்டனின் வரவுசெலவைக் கண்காணிக்கும் செனட் துணைக்குழுவுக்குத் தலைமை வகித்தார். அந்நகர மக்களில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். அவர்களுக்கு செனட்டில் வாக்களிக்கும் பிரதிநிதி எவரும் இல்லை. உழைக்கத் தகுதியுள்ள ஆண் வீட்டில் இருந்தால் அரசு உதவித்தொகை கிடையாது என்ற விதியைக் கடுமையாக நடைமுறைப்படுத்தச் செய்து, ஏழைத் தாய்மார்கள் பலரின் உதவித்தொகையைப் பறிக்க அக்குழுத் தலைவர் பதவி அவருக்குப் பயன்பட்டது. தம் மாநிலத்தின் வெள்ளை ஏழைகளுக்கோ, அவர் வாழ்நாள் முழுவதும் மத்திய அரசின் நிதியைச் சாலைகளாகவும் மருத்துவமனைகளாகவும் அள்ளிக் கொண்டுவந்தார். ஏழைகளின் தலைவர் என்று புகழப்படும் ஒருவர் எந்த ஏழைகளின் தலைவர் என்று கேட்டாக வேண்டும். இக்கேள்வி நமக்குப் புதிதன்று.

திருப்பம் எப்போது வந்தது?

1982இல் வாக்குரிமைச் சட்டத்தை நீட்டிக்கும் மசோதாவை செனட்டில் எதிர்த்தவர்கள் எட்டுப் பேர் மட்டுமே. பேர்ட் அவர்களுள் இல்லை. 1983 அக்டோபரில் மார்ட்டின் லூதர் கிங்கின் பிறந்தநாளைத் தேசிய விடுமுறையாக்கும் மசோதா 78க்கு 22 என நிறைவேறியபோது, அவர் ஆதரித்து வாக்களித்தார். 1957இல் குடிமை உரிமை மசோதாவை எதிர்த்து 24 மணி நேரத்துக்கும் மேல் தனியாளாகப் பேசிய தென் கரோலினா செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்டும் அந்த 78 பேரில் ஒருவர். ஃபிலிபஸ்டர் செய்த இருவருமே ஒரே நாளில் ஒரே பக்கம் வாக்களித்தார்கள் என்றால், அதைத் தனிமனித மனசாட்சியின் கதையாக மட்டும் படிக்க இயலாது.

இடையில் நடந்தது என்ன? வாக்குரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மிசிசிப்பி மாநிலத்தில் 1965க்கு முன்னர் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றிருந்த கறுப்பினத்தவர் ஏறத்தாழ 7 விழுக்காடு. இரண்டே ஆண்டுகளில் அது ஏறத்தாழ 60 விழுக்காடாக உயர்ந்தது. பேர்டின் சொந்த மாநிலத்தில் கறுப்பின மக்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. அங்கே அவர்களது வாக்கு அவரை அசைத்திருக்க முடியாது. அவரை மாற்றியது தேசிய அரசியல் என்றே நாம் கருதுகிறோம். 1971இல் எட்வர்ட் கென்னடியைத் தோற்கடித்து அவர் தம் கட்சியின் கொறடா ஆனார். 1977இல் பெரும்பான்மைக் கட்சியின் தலைவரானார். அதற்குள் தெற்கு மாநிலங்களின் கறுப்பின வாக்காளர்கள் அக்கட்சியின் தவிர்க்கவியலாத் தூணாகிவிட்டார்கள். அவர்களை அவமதித்துக்கொண்டு அக்கட்சிக்குத் தலைமை தாங்க முடியாது. எந்தச் சட்டத்தை அவர் எதிர்த்தாரோ, அந்தச் சட்டம் உருவாக்கிய வாக்காளர்களே அவரது அரசியலை மாற்றினார்கள்.

கிளானில் சேர்ந்ததற்காகப் பேர்ட் பலமுறை வருத்தம் தெரிவித்தார். 1964இல் அளித்த வாக்கும் தவறு என்றார். அவ்வருத்தம் போலியானது என்று நாம் சொல்லவில்லை. அது எப்போது வந்தது என்பதையே சுட்டுகிறோம். அவர் மனம் மாறும்வரை சட்டம் காத்திருந்தால், பல தலைமுறைகள் உணவகத்தின் வாசலிலேயே நின்றிருக்கும்.

எளிய கணக்குகள் ஏமாற்றும்

1967இல் மார்ஷலை எதிர்த்த பேர்ட், 1991இல் மற்றொரு கறுப்பின நீதிபதியான கிளாரன்ஸ் தாமஸின் நியமனத்தையும் எதிர்த்தார். இருவரையும் எதிர்த்து வாக்களித்த ஒரே செனட்டர் அவர்தாம். இதை வைத்து ‘அவர் மாறவே இல்லை’ என்று முடிவு கட்டினால் பிழையாகும். தாமஸின் நியமனத்தைக் கறுப்பின மக்களின் மூத்த உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யே எதிர்த்தது. தாமஸ் மீது பாலியல் துன்புறுத்தல் புகார் கூறிய கறுப்பினப் பேராசிரியர் அனிதா ஹில்லை நம்புவதாகப் பேர்ட் அவையில் வெளிப்படையாகச் சொன்னார். முதல் ‘இல்லை’ ஒரு விடுதலை வழக்கறிஞருக்கு எதிரானது. இரண்டாம் ‘இல்லை’ அவ்விடுதலை இயக்கத்தின் பக்கம் நின்றது. நியமிக்கப்படுபவரின் பிறப்பை மட்டும் எண்ணிக் கணக்கிடுவோர் இந்த வேறுபாட்டைத் தவறவிடுவர்.

மாற்றமும் முழுமையானதன்று. ஒருபால் இணையரின் திருமணத்தை மத்திய அரசு ஏற்பதைத் தடுத்த 1996ஆம் ஆண்டுச் சட்டத்தை அவர் ஆதரித்தார். 2001இல் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் நிறவெறிச் சொல்லொன்றைப் பயன்படுத்திவிட்டு மன்னிப்புக் கேட்டார். மறுபுறம், 2002இல் ஈராக் போருக்கு அதிகாரமளிக்கும் தீர்மானத்தை எதிர்த்த 23 செனட்டர்களில் அவர் முன்னணியில் நின்றார். 2008இல், தம் மாநிலத்தின் முதற்கட்டத் தேர்தலில் பெருந்தோல்வி கண்ட பராக் ஒபாமாவை ஆதரித்தார். 2009 டிசம்பரில் மருத்துவக் காப்பீட்டு மசோதாவுக்கு ஃபிலிபஸ்டரைக் கடக்க 60 வாக்குகள் தேவைப்பட்டன; கிடைத்தவை சரியாக 60. சக்கர நாற்காலியில் வந்து வாக்களித்த 92 வயதுப் பேர்ட் அவர்களுள் ஒருவர். விடுமுறை மசோதாவுக்கு அவர் அளித்த வாக்கு இல்லாவிட்டாலும் அது நிறைவேறியிருக்கும். இந்த வாக்கு இல்லாமல் மருத்துவ மசோதா நகர்ந்திருக்காது. இரண்டும் பட்டியலில் ‘ஆம்’ என்றே இருக்கின்றன. இரண்டின் எடையும் ஒன்றன்று.

நம் அவைகளில்

இவ்வாறு நம் உறுப்பினர்களின் பதிவேட்டைப் படிக்க முயன்றால் இரண்டு தடைகள் எதிர்ப்படுகின்றன. ஒன்று, 1985இல் சேர்க்கப்பட்ட பத்தாம் அட்டவணை: கொறடாவின் கட்டளையை மீறி வாக்களிப்பவர் பதவியை இழக்க நேரிடும். மற்றொன்று, குரல் வாக்கெடுப்பு: யார் எப்பக்கம் நின்றார் என்பது எங்கும் பதிவாவதில்லை. 2020 செப்டம்பரில் வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவையில் இவ்வாறே நிறைவேற்றப்பட்டன. பெயர்வாரி வாக்கெடுப்புக் கோரிய எதிர்க்கட்சியினரின் குரல் ஏற்கப்படவில்லை.

அரசமைப்புத் திருத்தங்களுக்குச் சிறப்புப் பெரும்பான்மை தேவைப்படுவதால் வாக்குகள் எண்ணப்படுகின்றன. பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பிற்படுத்தப்பட்டோரையும் விலக்கிவிட்டு, பொருளாதார அடிப்படையில் 10 விழுக்காடு இடஒதுக்கீடு அளித்த 103ஆம் திருத்தத்தை 2019 ஜனவரியில் மக்களவையில் எதிர்த்தவர்கள் 3 பேர். மாநிலங்களவையில் 7 பேர். சமூகநீதியை மேடைதோறும் முழங்கும் கட்சிகள் பலவற்றை இந்த எண்கள் அளந்து காட்டுகின்றன.

சட்டம் ஒருமுறை வந்துவிட்டால் நிலைத்துவிடும் என்பதும் இல்லை. அமெரிக்க வாக்குரிமைச் சட்டத்தின் முதுகெலும்பை 2013இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் முறித்தது. இங்கே 2018 மார்ச் 20 அன்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நீதிமன்றத் தீர்ப்பால் நீர்க்கச் செய்யப்பட்டது. ஏப்ரல் 2 அன்று நாடெங்கும் தலித் மக்கள் தெருவில் இறங்கினார்கள், உயிர்களையும் இழந்தார்கள். ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்து அச்சட்டத்தை மீட்டது. எவருடைய மனமும் தானாக மாறியதால் அது நடக்கவில்லை.

ஆகவே, அடுத்த தேர்தலில் நம்மிடம் வாக்குக் கேட்டு வருவோரிடம் அம்பேத்கர் பிறந்தநாளில் எத்தனை மாலை அணிவித்தீர்கள் என்று கேட்க வேண்டாம். முடிவு உறுதியாகாத நேரத்தில் உங்கள் வாக்கு எங்கே விழுந்தது, நிலைக்குழுவில் என்ன பேசினீர்கள், பெயர்வாரி வாக்கெடுப்பு வேண்டும் என்று எத்தனை முறை எழுந்து கேட்டீர்கள் என்று கேட்போம். 103ஆம் திருத்தத்தின் வாக்குப் பட்டியலும் அவை நடவடிக்கைக் குறிப்புகளும் பொது ஆவணங்கள். மாணவர் தோழர்கள் தத்தம் தொகுதியின் பெயரை அவற்றில் தேடிப் பார்ப்பதிலிருந்து இப்பணியைத் தொடங்கலாம்.