தோல்வியின் விலை

குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் தென்காசி வீடுகளில் தாள்கூட ஈரம் கோக்கும். அப்படியொரு நாளில், வீட்டிலேயே மின்சுற்றுப் பலகை செய்ய முயன்று மூன்று முறை தோற்ற என் பேரன், விலையுயர்ந்த புகைப்படத் தாள் கேட்டான்.

டோனர் என்பது மையன்று. வெப்பத்தில் உருகும் நெகிழிப் பொடி. லேசர் அச்சுப்பொறி தாளில் பதித்த பொடியை இஸ்திரிப் பெட்டியின் சூடு செம்புத் தகட்டுக்கு மாற்றுகிறது. பின்னர் ஃபெரிக் குளோரைடு கரைசலில், பொடி மூடிய செம்பு மட்டுமே எஞ்சிச் சுற்றாகிறது.

சாதாரண வெள்ளைத் தாளின் நார்கள் பொடியை எளிதில் விடுவதில்லை. வார இதழின் வழவழப்பான தாளிலோ களிமண் பூச்சு பொடியை மேலேயே நிறுத்தும். நீரில் ஊறியதும் தாள் கழன்றுவிடும். இங்க்ஜெட்டுக்கான நெகிழிப் பூச்சுத் தாள் லேசர் பொறிக்குள் உருகவும் கூடும்.

பழைய இதழொன்றின் தாளை உலர்த்திக் கொடுத்தேன். நான்காம் பலகையில் கோடுகள் முறியாமல் பதிந்தன.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முயற்சியின் செலவு குறைந்தால்தான் தோல்வி பாடமாகும், மிகுந்தால், சிற்றூர் மாணவனுக்கு முதல் முயற்சியே கடைசி முயற்சியாகிவிடும்.